பிறேக் சூடு: பம்பரை வெட்டிக் காத்து டக்ட் போட முதல் என்ன பாக்கோணும்? (திருமலை ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ)

உவர்மலை_ஈகே

வணக்கம். கார் ஹொண்டா சிவிக் ஈகே3, 1.5 லீற்றர், மனுவல் கியர். முன்னுக்கு 240 மில்லிமீற்றர் வென்டிலேட்டட் டிஸ்க், பின்னுக்கு ட்ரம், 14 அங்குலச் சில்லு. கிழமை நாளில வேலைக்குப் போறதும் இதிலதான், கட்டுகுருந்தை விமான ஓடுபாதையில ட்ராக் டே வைச்சா ஓடுறதும் இதிலதான்.

அங்க ஓடுபாதை நேரில 140க்குக் கிட்ட வந்து, முடிவில 60க்கு இறக்கித் திருப்போணும். முதல் சுற்றுகளில நல்லா நிக்குது. அதுக்குப் பிறகு பெடல் கீழ போகத் தொடங்குது. பிட்டுக்குள்ள கொண்டுவந்து நிப்பாட்டிக் கொஞ்ச நேரத்தால மிதிச்சுப் பாத்தா இன்னும் மோசம், தரை மட்டும் போகுது. நல்லா ஆறின பிறகு பாதி திரும்பி வருது. மணமும் அடிக்குது.

யோசிச்சு வைச்சிருக்கிறது: பம்பரில பொக் லைட் மூடி இருக்கிற ரெண்டு பக்கமும் வெட்டி, 3 அங்குல ஹோஸ் போட்டு டிஸ்குக்குக் காத்து அடிக்கிறது. ஹோஸ் ஹார்ட்வெயார்ல கிடைக்கிற அலுமினிய மடிப்புக் குழாய் காணுமோ? திருமலையில இந்த வேலை செய்யக்கூடிய ஆர் இருக்கினம்?

கச்சான்_காத்து

மச்சான், ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கேக்க வீட்டுத் தண்ணித் தாங்கியே கொதிக்குது. எங்கட நாட்டு வெக்கைக்கு பிறேக் சூடாகாம என்ன செய்யும்? குளிர் நாட்டுக்காரர் வீடியோ பாத்து நாங்கள் ஓடினா இப்பிடித்தான்.

சீனக்குடா_லேத்

தம்பி ஈகே, பம்பரில கை வைக்க முதல் சில்லைக் கழட்டு. டிஸ்கின்ர விளிம்பில, ரெண்டு முகத்துக்கும் நடுவில துவாரம் துவாரமா இருக்கும். அதுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பார், உள்பக்கம் வெளிச்சம் போகுதோ எண்டு.

ஏன் கேக்கிறன் எண்டா, உப்புவெளி, நிலாவெளி, அலஸ்தோட்டம் பக்கம் கடற்கரையில நிக்கிற வாகனங்களின்ர டிஸ்கை நான் லேத்தில ஏத்தேக்க அந்தத் துவாரங்களுக்குள்ள இருந்து துரு பொருக்குப் பொருக்காக் கொட்டும். முகம் மட்டும் மினுமினுப்பா இருக்கும், ஏனெண்டா டிஸ்கை அமத்துற பேட் ஒவ்வொரு நாளும் உரசிக் கிளீன் பண்ணுது. உள்ளுக்கு ஆரும் பாக்கிறேல்ல. ரோட்டு ஓட்டத்தில அது பெரிசாத் தெரியாது. ட்ராக்கில பிரச்சினை.

வென்டிலேட்டட் டிஸ்க் எண்டது தன்பாட்டில ஒரு மையவிலக்குப் பம்ப். நடுவில, ஹப் பக்கத்தால காத்தை உறிஞ்சி, சுத்துற வேகத்தில விளிம்பால வெளிய எறியுது. நீ போடப்போற ஹோஸ் அந்த நடுவுக்குத்தான் காத்துக் குடுக்கோணும். வழி துரு அடைச்சுக் கிடந்தா ஹோஸில புயலே வந்தாலும் பிரயோசனமில்லை.

அதோட ரெண்டு கேள்வி. பிறேக் ஒயில் கடைசியா எப்ப மாத்தினது, என்ன ஒயில்? பேட் எந்த வகை, உள் பேட்டும் வெளிப் பேட்டும் ஒரே அளவுக்குத் தேஞ்சிருக்கோ?

கிண்ணியா_கராஜ்

லேத் அண்ணன் சொல்றது சரி. தம்பி சொன்ன நோய்க்குறி அப்பிடியே ஒயில் கொதிக்கிறது. பேட் சூட்டில பிடி விட்டா பெடல் கல்லு மாதிரி இறுகி நிக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வாகனம்தான் நிக்காது. ஒயில் கொதிச்சா உள்ளுக்கு ஆவிக்குமிழி வருது, குமிழி அமுங்கும், அதால பெடல் கீழ போகும். நிப்பாட்டின பிறகு மோசமாகிறதுக்கும் காரணம் இருக்கு. ஓடேக்க காத்துப் படுது. நிண்ட உடன காத்து இல்லை, டிஸ்கில இருக்கிற சூடெல்லாம் பேட் வழியா அதை அமத்துற கலிப்பருக்கும் ஒயிலுக்கும் ஏறுது.

ஒயில் விசயத்தில எங்கட ஊருக்கு ஒரு சாபம் இருக்கு. வழமையான கிளைக்கோல் பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். பிறேக் ஒயிலின்ர தரத்துக்குப் போடுற பேர்தான் டொட். டொட் 4 தரத்தில புதுசுக்குக் குறைஞ்சது 230 பாகை கொதிநிலை, 3.7 சதவீதம் தண்ணி சேந்தா 155. டொட் 3 எண்டா 205உம் 140உம். டொட் 5.1க்கு 260உம் 180உம். கடலும் களப்பும் சுத்தி இருக்கிற ஊர், மாரியில சுவரே வேர்க்குது. போன வருசம் உடைச்ச போத்தலைத் தட்டில வைச்சிட்டு இந்த வருசம் ஊத்துறவங்க கனபேர். மூடி இறுக்கித்தான் இருந்தது என்டு சொல்லுவாங்க. அத ஊத்திட்டு ட்ராக்குக்குப் போகாதீங்க. சின்னப் போத்தலா சீல் உடைக்காதது வாங்கி, மிஞ்சினதை ஒதுக்குங்க.

டொட் 5 என்டு வாற சிலிக்கோன் ஒயில் வேற சாமான். 5.1 தானே, 5 தானே என்டு கலந்திராதீங்க.

டொக்யாட்_கணக்கு

கச்சான் காத்துக்கு முதல் ஒரு பதில். டிஸ்க் 450 பாகையில இருக்கெண்டு வையுங்கோ. வெளிக்காத்து 20 பாகை எண்டா வித்தியாசம் 430. எங்கட 34 பாகை வெயிலில 416. காத்துக்குப் போற சூடு இந்த வித்தியாசத்துக்கு ஏற்றபடிதான், ஆக இழப்பு 3 சதவீதம். சூடான காத்து கொஞ்சம் ஐதானது, அதுக்கும் ஒரு நாலைஞ்சு சதவீதம் போடுங்கோ. எல்லாம் சேத்தும் பத்தைத் தாண்டாது. வெயிலைக் குற்றம் சொல்லேலாது. ஈரத்தைச் சொல்லலாம், உப்பைச் சொல்லலாம்.

இப்ப ஈகே தம்பியின்ர கணக்கு. கார், ஓட்டுநர், பெற்றோல் எல்லாம் 1150 கிலோ எண்டு எடுத்தன். 140இல இருந்து 60க்கு இறங்கேக்க விடவேண்டிய சக்தி ஏறத்தாழ 710 கிலோஜூல். முன்சில்லு இழுக்கிற கார், முன்னுக்கு முக்கால்வாசி விழும். ஒரு டிஸ்குக்கு 265 கிலோஜூல் அளவில. டிஸ்க் நாலரைக் கிலோ வார்ப்பிரும்பு எண்டா, ஒரே மிதியில 120 பாகைக்குக் கிட்ட ஏறும். காத்துத் தடை, எஞ்சின் பிறேக் கழிச்சா கொஞ்சம் குறையும்.

இதில கவனிக்க வேண்டியது: டக்ட் இந்த 120ஐக் குறைக்காது. மிதிக்கிற அந்த மூண்டு நாலு செக்கனுக்குள்ள காத்து ஒண்டும் செய்யேலாது. அந்தத் தாவலைத் தீர்மானிக்கிறது டிஸ்கின்ர பாரம் மட்டும். அடுத்த மிதிக்கு முதல் எவ்வளவு இறங்குது எண்டதைத்தான் டக்ட் மாத்தும். பாரமான டிஸ்க் உச்சியைக் குறைக்கும், காத்து சராசரியைக் குறைக்கும். உங்களுக்கு எது தேவை எண்டு தெரியாமல் பம்பரை வெட்டினா காசு கரையும்.

கச்சான்_காத்து

சரி சரி, கச்சானை விட்டுடுங்கோ. கணக்கு வாத்தியார் ஒரு கேள்விக்கு ஒரு கொப்பி நிரப்பிட்டார்.

சல்லி_சுவிஃப்ட்

நான் ஓடுறது சுவிஃப்ட் ஸ்போர்ட். ஹோஸ் போடாமல் செய்யக்கூடிய ரெண்டு விசயம் இருக்கு, அதையும் எழுதுறன்.

ஒண்டு, டிஸ்குக்குப் பின்னால இருக்கிற தகரத் தகடு. அது தண்ணி, கல், சேறு படாமல் இருக்கக் கம்பனி போட்டது. அதைக் கழட்டினா காத்து நடுவுக்கு நேர போகுது, வித்தியாசம் தெரியும். ஆனா அந்தத் தகடு இன்னொரு வேலையும் பாக்குது. டிஸ்கின்ர வெக்கை நேரடியா போல் ஜொயின்ட் ரப்பரிலயும் ஏபிஎஸ் வயரிலயும் படாமல் மறைக்குது. என்ர காரில முழுசாக் கழட்டின பிறகு போல் ஜொயின்ட் ரப்பர் காஞ்சு வெடிப்பு விட்டுது. இப்ப நடுவில மட்டும் வெட்டி, ரப்பருக்கு நேர இருக்கிற துண்டை விட்டு வைச்சிருக்கிறன்.

மற்றது காத்துத் திருப்பி. போர்ஷ் 911 ஜிடி3 காரிலயே சில்லைத் தாங்கிற கீழ்க் கையில ஒரு பிளாஸ்டிக் செட்டை மாதிரிப் பூட்டி வருது. காருக்குக் கீழால போற காத்தைப் பிடிச்சு டிஸ்க் பக்கம் திருப்புது. நான் 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில வளைச்சு, கீழ்க் கையில கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறன். ஸ்டீயரிங் முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி, ஜக்கில தூக்கியும் இறக்கியும் எங்கயும் தட்டுதோ எண்டு பாத்துத்தான் இறுக்கோணும். கந்தளாய் தாண்டி ஹபரணை மட்டும் ரோட்டில படுற வேகத்தடைக்கு இது முதல்ல உரசும், அதையும் யோசியுங்கோ.

ஹோஸ் அளவுக்கு வராது. ஆனா பம்பர் முழுசா இருக்கும்.

மெட்ராஸ்_லேப்

சென்னையிலிருந்து எழுதறேன். இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்ல ஓட்டுறவன். அங்க ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், பிரேக்குக்கு இடையில காத்து வாங்க நேரம் இருக்கு. நீங்க சொல்ற ஏர்ஸ்ட்ரிப் லேஅவுட்ல நேரா வேகம் ஏத்தி, திடீர்னு இறக்கி, உடனே திரும்ப வேகம் ஏத்தணும். அது பிரேக்குக்கு ரொம்பக் கொடுமை.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: அளந்து பாருங்க. டிஸ்க் விளிம்புல பூசுற வெப்பப் பெயின்ட் மூணு நிறத்துல வருது. பச்சை 430 டிகிரியில நிறம் மாறும், ஆரஞ்சு 560ல, சிவப்பு 610ல. ஒரு கோடு ஒரு கோடா இழுத்துட்டு ஓட்டிட்டு வந்து பார்த்தா, டிஸ்க் எங்க வரைக்கும் ஏறிச்சுன்னு அதுவே சொல்லும். கலிப்பருக்குத் தனியா ஒட்டுற பட்டை இருக்கு, எவ்வளவு ஏறுதோ அந்தக் கட்டம் கறுத்து அப்படியே நிக்கும். துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரை நம்பாதீங்க. பளபளன்னு இருக்கிற இரும்புல அது குறைச்சுக் காட்டும், பிட்டுக்கு வர்றதுக்குள்ள டிஸ்க்கும் ஆறிடும்.

டிஸ்க் 430 தாண்டலை, ஆனா ஆயில் கொதிக்குதுன்னா டக்ட் முதல் மருந்து இல்ல. ஆயிலும் கலிப்பரும்தான். 600 தாண்டுதுன்னா பேட், டக்ட், பெரிய டிஸ்க் எல்லாமே வேணும்.

உவர்மலை_ஈகே

எல்லாருக்கும் நன்றி. சில்லு நாலும் கழட்டிப் பாத்தன்.

டிஸ்க் துவாரத்துக்குள்ள டோர்ச் அடிச்சா அரைவாசிக்கு வெளிச்சமே போகேல்ல. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா துரு தகடு தகடா வந்து விழுகுது. வலது முன் கலிப்பர்ல உள் பேட் வெளிப் பேட்டை விட நல்லாத் தேஞ்சு சரிவா இருக்கு. கலிப்பரை அசைய விடுற வழுக்கு ஊசி ஒண்டு கையால அசையேல்ல, கிறீஸ் காஞ்சு கறுப்புப் பசையா நிக்குது. பேட் சாதாரண ரோட்டுப் பேட், முகம் கண்ணாடி மாதிரி மினுங்குது. ஒயில் என்ன வகை எண்டு தெரியாது, வாங்கேக்க இருந்ததுதான்.

ரெண்டு முன் டிஸ்க்கும் ஒரே சூடு இல்லை எண்டது நிறத்திலயே தெரியுது. வலது நீலம் பாஞ்சிருக்கு.

கிண்ணியா_கராஜ்

கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஏழு சூடு. ஒங்கட சில்லு நாலும் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

வழுக்கு ஊசி இறுகினா கலிப்பர் மிதக்காது. பிஸ்டன் உள் பேட்டை மட்டும் அமத்தும். பெடலை விட்டாலும் பேட் முழுசா விலகாது, நேர் ஓட்டத்திலயும் உரசிக்கிட்டே போகும். ஆற வேண்டிய நேரத்தில சூடேறுது. உப்புக்காத்து ஊரில வருசத்துக்கு ஒருக்கா அந்த ஊசியைக் கழட்டி, துடைச்சு, பிறேக்குக்கென்டு வாற சிலிக்கோன் கிறீஸ் பூசணும். சாதாரண கிறீஸ் போட்டா ரப்பர் ஊதி இன்னும் இறுகும். பிஸ்டன் ரப்பரும் பாருங்க, கிழிஞ்சிருந்தா சீல் கிட் மாத்திருங்க.

சீனக்குடா_லேத்

டிஸ்கை என்னட்டக் கொண்டு வரவேண்டாம், புதுசு வாங்கு. துருவைக் குத்தி எடுத்தாலும் ரெண்டு முகத்துக்கும் நடுவில இருக்கிற உள் செட்டைகள் மெலிஞ்சு போயிருக்கும். மெலிஞ்ச டிஸ்க் பாரம் குறைவு, கணக்கர் சொன்ன 120 உனக்கு 140 ஆகும். விளிம்பில குறைஞ்சபட்சத் தடிப்பு அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கிட்ட வந்ததை ட்ராக்கில விடாத.

துளை போட்ட டிஸ்க் வாங்காத. பாக்க வடிவு. ஒவ்வொரு துளையில இருந்தும் வெடிப்பு ஓடினதை நான் கண்டிருக்கிறன். கோடு வெட்டினது பரவாயில்லை, ஆனா ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே காருக்கு சாதா முகமே காணும்.

மெட்ராஸ்_லேப்

இன்னொண்ணு. உள் செட்டை வளைஞ்ச டிஸ்க் வாங்கினா இடது வேற, வலது வேற. செட்டையோட உள் முனை முன்னால போகணும், வெளி முனை பின்னால இழுபடணும். முகத்துல இருக்கிற கோட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க, உள்ள பாருங்க. நேர் செட்டைன்னா எந்தப் பக்கமும் போடலாம்.

உவர்மலை_ஈகே

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளில கேட்டன். ஈகே சாமான் எண்டாலே இப்ப விலை கேட்டுத் தலை சுத்துது. 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025இல திரும்ப விட்டாலும் பழைய ஹொண்டா வைச்சிருக்கிற எல்லாரும் ஒரே கடையிலதான் நிக்கினம். ஒரு கடைக்காரர் 262 மில்லிமீற்றர் டிஸ்க் வாற நக்கிள் (சில்லும் கலிப்பரும் பூட்டுற இரும்பு), கலிப்பர், பிராக்கெட் ஜோடியா இருக்கெண்டார், ரீகண்டிஷன். சாதா 240 டிஸ்க் புதுசு ஜோடியும் இருக்கு. 262க்குப் போகட்டோ, 240 எடுத்து மிச்சக் காசில டக்ட் செய்யட்டோ?

டொக்யாட்_கணக்கு

காசு இருந்தா 262. பாரமும் கூடும், பேட் அமத்துற இடம் நடுவில இருந்து தூரமாகிறதால அதே பெடல் அமத்தத்துக்கு நிப்பாட்டும் விசையும் கூடும். டக்டை எப்பவும் பிறகு போடலாம்.

சீனக்குடா_லேத்

நான் ஒத்துக்கொள்ளேல்ல. ரீகண்டிஷன் கலிப்பர் எண்டா ஆரோ ஒருத்தற்ற இருபத்தைஞ்சு வருச உப்பும் துருவும் சேத்து வாங்கிற மாதிரி. அதையும் கழட்டி சீல் மாத்தோணும், நக்கிள் பெயாரிங் பாக்கோணும், முன் பின் சமநிலை மாறும், பின்னுக்கு ட்ரம் இருக்கு. இருக்கிற சாமானைச் சரியாக்கிப் போட்டு ஓடிப் பாக்கட்டும். அதுக்கும் காணாட்டி 262.

டொக்யாட்_கணக்கு

சமநிலைக் கதை சரி, முன்னுக்குக் கூடினா பின் ட்ரம் இன்னும் குறைய வேலை செய்யும். ஆனா முன்சில்லு முதல் பூட்டுறது பாதுகாப்பான பக்கம்தான். காசுக் கதையில நீங்கள் வெண்டுட்டீங்கள்.

சல்லி_சுவிஃப்ட்

240 எடுங்கோ. பேட்டுக்குச் செலவழியுங்கோ. ட்ராக்குக்கெண்டு வாற பேட் 600 பாகை தாண்டியும் பிடிக்கும். ஆனா காலமை குளிர்ந்த டிஸ்கில முதல் மிதிக்கு அது நித்திரை. திருமலைக் கோட்டைப் பக்கம் மான் குறுக்க பாயேக்க அந்த முதல் மிதிதான் தேவை. ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவில நிக்கிற வகை இருக்கு, அதை எடுங்கோ. இல்லாட்டி என்னைப் போல ட்ராக் பேட்டைப் பெட்டியில கொண்டுபோய் அங்க மாத்துங்கோ. திருமலையில இருந்து கட்டுகுருந்தைக்கு கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர், அந்தத் தூரம் முழுக்க ட்ராக் பேட் கீச்சிடுறதைக் கேக்கேலாது. பேட் தேஞ்சு சில்லில ஒட்டுற தூளும் ஈரம் பட்டா அலோயை அரிக்கும்.

புதுப் பேட்டைப் படிய வைக்கிறதை ரோட்டில செய்யிறதெண்டா இரவில கந்தளாய் நேரில செய்யாதீங்கோ, ஆனை நிக்கும்.

கிண்ணியா_கராஜ்

ஒயிலுக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 கிடைச்சா எடுங்க, புதுசுக்கு 312 பாகை, ஈரம் சேந்தாலும் 200க்கு மேல. காஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் 320, ஈரத்திலயும் 270 நிக்கும், ஆனா அந்த விலைக்கு ஒரு ஆடு வாங்கலாம். ஓட்டத்துக்கு முதல் கிழமை புதுசா ஊத்தி நாலு சில்லுப் பிறேக் லைனிலயும் காத்து எடுங்க, ஹொண்டா கையேட்டில சொன்ன வரிசைப்படி. மற்ற நாளைக்கு நல்ல டொட் 4 காணும்.

உவர்மலை_ஈகே

சாமான் எல்லாம் போட்டாச்சு: புது 240 டிஸ்க், நடுத்தரப் பேட், கலிப்பர் ரெண்டுக்கும் சீல், ஊசி கிறீஸ், ஆர்பிஎஃப் 600. வெப்பப் பெயின்டும் கலிப்பர்ப் பட்டையும் மெட்ராஸ் அண்ணா சொன்னபடி எடுப்பிச்சன். இப்ப கேள்வி, டக்டையும் செய்துகொண்டு போகட்டோ, இல்லாம ஓடிப் பாக்கட்டோ?

டொக்யாட்_கணக்கு

ஒரு பக்கம் மட்டும் டக்ட் போட்டு ஓடுங்கோ. ரெண்டு டிஸ்கிலயும் பெயின்ட். அதே வெயில், அதே ஓட்டம், நேரடி ஒப்பீடு.

சீனக்குடா_லேத்

கணக்கருக்கு ஒப்பீடு, தம்பிக்கு டயர்ச் சுவர். ஒரு பக்கம் ஆறி மற்றப் பக்கம் எரிஞ்சா 140இல மிதிக்கேக்க கார் ஒரு பக்கம் இழுக்கும். டக்ட் ரெண்டு பக்கமும் பூட்டு, வாயை அடைச்சு ஒரு ஓட்டம், திறந்து ஒரு ஓட்டம், நடுவில பெயின்டைச் சுரண்டித் திரும்பப் பூசு. அது காணும்.

டொக்யாட்_கணக்கு

சரி, அது நல்ல முறை. என்ர யோசனையை வாபஸ் வாங்கிறன்.

சீனக்குடா_லேத்

ஹோஸ் விசயம். அலுமினிய மடிப்புக் குழாய் வேண்டாம். சில்லுக்குப் பக்கத்தில ஆடி ஆடி மடிப்பில வெடிக்கும், வெடிச்ச துண்டு டிஸ்குக்கும் தகட்டுக்கும் நடுவில போகும். வக்யூம் கிளீனர்க் குழாய் உருகும். கண்ணாடி நார்த் துணிக்கு சிலிக்கோன் பூசி, உள்ளுக்குக் கம்பிச் சுருள் வைச்ச குழாய்தான் சாமான், 250 பாகைக்கு மேல தாங்கும். அது கிடைக்காட்டி பம்பர்ப் பக்கம், சூடு இல்லாத நீளத்துக்கு, படகு எஞ்சின் அறைக்கு காத்து ஊதப் போடுற குழாயைப் போட்டு, கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் சிலிக்கோன் குழாய் போடலாம். மீன்பிடிப் படகுச் சாமான் விக்கிற கடைகளில கேட்டுப்பார்.

3 அங்குலக் குழாயின்ர வாய் 2½ஐ விட 44 சதவீதம் பெருசு. இடம் இருந்தா 3. 14 அங்குலச் சில்லுக்குள்ள, டயர் திரும்பேக்க இடம் காணாது, அதால சில்லுக்குக் கிட்ட வாற இடத்தில குழாயை நீளவட்டமா அமத்து, பரப்பு பெரிசாக் குறையாது. ஒரு கூர் வளைவு முழு வேலையையும் கெடுக்கும், குழாயைப் பெரிய வளைவா விடு. ஸ்டீயரிங் முழுத் திருப்பு, சில்லு தொங்கல், சில்லு ஏறினது மூண்டையும் ஜக்கில வைச்சுப் பார். சல்லித் தங்கச்சி சொன்னதுதான்.

கடைசி முனைதான் முக்கியம். பழைய தகரத் தகட்டில டிஸ்கின்ர நடு வட்டத்துக்கு நேர வாய் வெட்டி, 1.6 மில்லிமீற்றர்த் தகட்டில கழுத்துச் செய்து வெல்ட் பண்ணித் தாறன். காத்து டிஸ்கின்ர உள்முகத்தில போய் அடிச்சா ஒரு முகம் ஆறும், மற்ற முகம் எரியும், டிஸ்க் கோணும். நடுவுக்குப் போனா செட்டை ரெண்டு முகத்தையும் ஒண்டா ஆத்தும்.

வாய் பம்பரில நேர காத்து முட்டுற இடத்தில இருக்கோணும். பொக் லைட் இடம் சரி. பம்பரின்ர பக்கவாட்டில ஓட்டை போட்டா காத்து வழுக்கிக்கொண்டு போகும், உள்ளுக்கு வராது.

உவர்மலை_ஈகே

கட்டுகுருந்தை முடிஞ்சு வந்தாச்சு. முடிவைச் சொல்லுறன்.

வாய் அடைச்ச ஓட்டம்: ரெண்டு பக்கமும் பச்சை முழுசா நிறம் மாறிட்டுது. ஆரஞ்சு வலதில விளிம்பில மட்டும் மாறத் தொடங்கி நிண்டுது. ஆக 430 தாண்டி, 560ஐத் தொட்டும் தொடாமலும். கலிப்பர்ப் பட்டை 200க்குக் கிட்டக் கறுத்துது. ஆனா பெடல் கடைசி மட்டும் மேலேயே நிண்டுது! பழைய ஒயில் எண்டா இந்தச் சூட்டில எப்பவோ கொதிச்சிருக்கும்.

வாய் திறந்த ஓட்டம்: பச்சை மாறினது, ஆரஞ்சு அசையேல்ல. கலிப்பர்ப் பட்டை ரெண்டு கட்டம் கீழ நிண்டுது. பெடலில வித்தியாசம் எனக்குத் தெரியேல்ல, உண்மையைச் சொல்லோணும். பேட் தேய்மானத்தில தெரியலாம், ரெண்டு ஓட்டத்தில அது பிடிபடாது.

இடது வலது வித்தியாசம் கொஞ்சம் இருக்கு. ஊசி இப்ப நல்லா வழுக்குது, உள் வெளிப் பேட் சமனாத்தான் தேயுது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஒரு சுற்று பிறேக் தொடாமல் மெல்ல ஓடி, பிட்டில கைப்பிறேக் இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வைச்சன். பக்கத்தில நிண்ட ஒருத்தர் டிஸ்குக்குத் தண்ணி ஊத்தப் போனார், ஓடிப்போய் மறிச்சன். வார்ப்பிரும்பு அப்பிடிச் சூட்டில தண்ணி கண்டா வெடிக்கும்.

மெட்ராஸ்_லேப்

அருமையான டேட்டா. 560க்குக் கீழன்னா உங்க பேட்டுக்கு நிம்மதி. ஆனா செமி ஸ்லிக்னு ட்ராக்குக்கு வர்ற, பிடி கூடின டயர் போட்டீங்கன்னா இந்தக் கணக்கு மாறும். பிடி கூடினா வளைவுல வேகம் கூடும், நேர்ல வேகம் கூடும், பிரேக்கை இன்னும் தாமதமா இன்னும் பலமா மிதிப்பீங்க. அன்னிக்கு அந்த டக்ட் சோறு போடும்.

கச்சான்_காத்து

அப்ப டக்ட் போட்டது வீணோ, பிரயோசனமோ? ஒரு வரியில சொல்லுங்கோ, நான் என்ர வீட்ஸ் காருக்கும் போடோணும்.

டொக்யாட்_கணக்கு

வீட்ஸுக்கு ஒயில் மாத்துங்கோ.

சல்லி_சுவிஃப்ட்

ஈகே தம்பி, ஒண்டு விட்டுட்டீங்கள். ஐப்பசியில வாடைக்காத்து தொடங்கினா அந்த ரெண்டு வாயும் தண்ணி குடிக்கும். மழை ரோட்டில டிஸ்கின்ர நடுவுக்கு நேர தண்ணி போனா முதல் மிதி வழுக்கும், உள் செட்டை திரும்பத் துருப்பிடிக்கும், புது டிஸ்க் காசும் போச்சு. ட்ராக் நாள் தவிர மற்ற நாளில மூடி போடுங்கோ. நான் எண்டா ரப்பர் மூடி ஒண்டு வெட்டி உள்பக்கத்தால கிளிப் போடுவன்.

உவர்மலை_ஈகே

மூடி வேலை மிச்சம். பொக் லைட்டின்ர பழைய பிளாஸ்டிக் மூடியை எறியாமல் வைச்சிருக்கிறன், அதையே திரும்பக் கொளுவுற மாதிரிச் செய்யலாம் எண்டு பாக்கிறன். காரைக் கடற்கரைப் பக்கம் விடுற நாளில வந்த உடன ரெண்டு மூண்டு தரம் பிறேக் மிதிச்சு டிஸ்கைக் காய வைச்சிட்டுத்தான் நிப்பாட்டிறன். உள் செட்டைக்கு அது எவ்வளவு உதவுமோ தெரியாது.

லேத் அண்ணை, அந்தக் கழுத்துத் தகட்டை வெட்டின அட்டை அச்சு உங்களிட்ட இருக்கோ? பாலையூற்றில இன்னொரு ஈகே இருக்கு, அவரும் கேக்கிறார். அவற்ற 262 டிஸ்க்.

சீனக்குடா_லேத்

உன்ர 240க்கு வெட்டின அட்டை இருக்கு. 262க்கு அது பொருந்தாது, தகட்டின்ர விட்டமும் நக்கிள் போல்ட்டும் வேற. டிஸ்கையும் பழைய தகட்டையும் கழட்டிக்கொண்டு வரச்சொல்லு, சனிக்கிழமை பின்னேரம் பட்டறை திறந்திருக்கும். வர முதல் டோர்ச் அடிச்சுத் துவாரத்தைப் பாத்திட்டு வரச்சொல்லு.